ஃப்ளூ ஊசி: எங்க கடை கவுன்ட்டர்ல அடிக்கடி கேக்குற கேள்விகளும் எனக்கு தெரிஞ்ச பதிலும்

திருச்சி உறையூர்ல நானும் எங்க வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு சின்ன மெடிக்கல் ஷாப் நடத்துறோம், பத்தொன்பது வருஷம் ஆச்சு. நான் டி.ஃபார்ம் படிச்சவ, டாக்டர் இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன். மழை ஆரம்பிச்சா போதும், ஃப்ளூ ஊசி பத்தி அதே கேள்விங்கதான் திரும்ப திரும்ப வருது, நான் பதில் சொல்லிட்டு நிக்க, பின்னாடி இருக்கறவரு "யக்கா, ஒரு டோலோ குடுத்துட்டு அப்புறம் பேசுங்க"ன்னு சத்தம் போடறாரு. அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டா லிங்க் அனுப்பிடலாம்ல. வரிசையெல்லாம் பாக்காதீங்க, ஞாபகம் வந்தபடி எழுதிருக்கேன்.

பெரியவங்களுக்கு எதுக்கு ஊசி? அதெல்லாம் குழந்தைங்களுக்குத்தானே?

இதுதான் முதல் கேள்வி, எப்பவும். நம்ம ஊர்ல பெரியவங்க தடுப்பூசின்னு போட்டுக்கறது மூணே நேரம்தான், ஆணி குத்தினா டிடி, நாய் கடிச்சா வெறிநாய் ஊசி, மாசமா இருந்தா பிஹெச்சில (ஆரம்ப சுகாதார நிலையம்) போடற ஊசி. கொரோனாலதான் முதல் தடவையா எல்லா வயசுக்காரங்களும் வரிசைல நின்னாங்க. 2021 செப்டம்பர் 12 ஞாயித்துக்கிழமை தமிழ்நாடு முழுக்க மெகா கேம்ப் போட்டப்ப ஒரே நாள்ல 28 லட்சம் பேருக்கு மேல போட்டுக்கிட்டாங்க. அதோட "ஊசிக் கணக்கு முடிஞ்சுது"ன்னு எல்லாரும் நினைச்சுட்டாங்க போல.

வெளிநாட்ல ஃப்ளூ ஊசிய எதிர்த்து சண்டையே போடறாங்கன்னு படிக்கிறேன். எங்க கடைல அப்படி இல்லீங்க. ஊசி வேணாம்னு சண்டை போடறவங்க ரொம்ப கம்மி, "அப்படி ஒண்ணு இருக்கா"ன்னு கேக்குறவங்கதான் ஜாஸ்தி. அதவிட வேடிக்கை என்னன்னா, காய்ச்சல் வந்துட்டா நம்ம ஆளுங்க டாக்டர் மாத்திரை எழுதினாக்கூட "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர், சட்டுனு கேக்கும்"னு கேட்டு வாங்கி போட்டுக்குவாங்க, ஊசி போடாத டாக்டரு டாக்டரே இல்ல. அதே ஆளுகிட்ட நல்லா இருக்கும்போது ஒரு ஊசி போட்டுக்கங்கன்னு சொல்லிப் பாருங்க, நம்மள ஏற இறங்கப் பாப்பாரு. வந்ததுக்கு போடற ஊசி மருந்து, வராம இருக்க போடற ஊசி வீண் செலவு, இதான் கணக்கு.

யாருக்கு முக்கியம்னா, 65 தாண்டினவங்க, சுகர், ஆஸ்துமா, இருதயம், கிட்னி பிரச்சனை இருக்கறவங்க, மாசமா இருக்கறவங்க, ஆஸ்பத்திரில வேலை பாக்கறவங்க, ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் குழந்தைங்க.

சாதா சளி காய்ச்சல் தானே அக்கா, மூணு நாள் ரசம் சாதம் சாப்ட்டா போயிடுமே?

நிறைய பேருக்கு போயிடும், உண்மைதான். எங்க மாமனாருக்கு போகல.

மாமா பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்ல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, அப்ப வயசு 71, சுகர் உண்டு, பீடிய விட்டு பத்து வருஷம் ஆனாலும் அந்த இருமல் விடல. காலைல பேப்பர் படிக்க எங்க கடைக்குத்தான் வருவாரு, கவுன்ட்டருக்கு உள்ள ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டிருக்கோம் அவருக்குன்னே. 2022 அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை மூக்கு ஒழுகுதுன்னாரு, சாயங்காலம் உடம்பு அனலா கொதிக்குது. பக்கத்து தெரு கிளினிக்குக்கு அவரே நடந்து போயி ஊசி கேட்டு போட்டுக்கிட்டு வந்தாரு, ஞாயிறு கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருந்துச்சு, திங்கக்கிழமை சாப்பாடு வேணாம்னுட்டாரு, செவ்வாக்கிழமை விடிகாலை பாத்ரூம் போயிட்டு வந்து கட்டில்ல உக்காந்தவரு பேச முடியாம கைய மட்டும் ஆட்டுறாரு. கொரோனாவுக்கு வாங்கின ஆக்ஸிமீட்டர் வீட்ல இருந்துச்சு, வச்சுப் பாத்தா 84. டெஸ்ட்ல எச்1என்1, அதான் பன்றிக் காய்ச்சல்னு சொல்ற ஃப்ளூ. பதினோரு நாள் ஆஸ்பத்திரி, அதுல அஞ்சு நாள் ஐசியூ, பில்லு மூணு லட்சத்த தாண்டிடுச்சு, என் ரெண்டு வளையல் இன்னும் பேங்க்லதான் இருக்கு.

பில்ல விட்டுத் தள்ளுங்க. எனக்கு இன்னிக்கும் மனசுல உறுத்துறது வேற. அவரு உக்கார்ற அந்த சேருக்கு பின்னாடிதான் எங்க வாக்ஸின் ஃபிரிட்ஜ். திரும்பி கைய நீட்டினா எட்டும். அதுல அன்னிக்கு நாலு ஃப்ளூ ஊசி இருந்துச்சு, குழந்தைங்க டாக்டர் சீட்டு எழுதி அனுப்புறவங்களுக்காக வச்சிருந்தது. தினம் அத திறந்து டெம்பரேச்சர் பாத்து நோட்ல எழுதுறவ நான், ஒரு நாள்கூட இது மாமாவுக்கு போடலாமேன்னு தோணல. அவருக்கு பத்து வருஷமா சுகர் பாக்குற டாக்டரும் சொன்னதில்ல. யார குத்தம் சொல்றது, மருந்து விக்கிற எனக்கே தோணலியே.

ஐசியூ வாசல்ல உக்காந்திருந்தப்பதான் ஃபோன்ல இதப்பத்தி படிச்சேன். ஃப்ளூவால உலகத்துல வருஷத்துக்கு 2.9 லட்சத்துல இருந்து 6.5 லட்சம் பேர் வரைக்கும் மூச்சுப் பிரச்சனை வந்து சாகறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு வச்சிருக்கு. 2015-ல நம்ம நாட்ல பன்றிக் காய்ச்சல் வந்தப்ப மட்டும் கிட்டத்தட்ட 3,000 பேர். அத "பன்றிக் காய்ச்சல்"னு சொன்னா பயப்படறோம், "ஃப்ளூ"ன்னு சொன்னா ரசம் வைக்கறோம், ரெண்டும் ஒரே குடும்பம்.

போன வருஷம் போட்டேன், ஆனாலும் சளி காய்ச்சல் வந்துச்சு. ஏமாத்து வேலையா?

ரெண்டு விஷயம். முதல்ல, நமக்கு வர்ற சளி காய்ச்சல் எல்லாமே ஃப்ளூ கிடையாது, சளி பிடிக்க வைக்கிற வைரஸே எரநூறு வகைக்கு மேல இருக்கு, இந்த ஊசி அதுல இன்ஃப்ளூயன்சாவ, அதாவது ஃப்ளூவ மட்டும்தான் பாத்துக்கும். டெங்குக்கு இது இல்ல, டைஃபாய்டுக்கு இல்ல, கொரோனாவுக்கும் இல்ல. ஒருத்தர் ஊசி போட்டப்புறம் பேதி வந்துச்சுன்னு சண்டைக்கு வந்தாரு, என்னத்த சொல்ல.

ரெண்டாவது, ஃப்ளூவுக்கே கூட இது நூத்துக்கு நூறு கிடையாது, அத மறைக்கிறதுல அர்த்தமில்ல. ஊசில இருக்கறதும் ஊர்ல சுத்தறதும் நல்லா பொருந்தற வருஷத்துல, டாக்டர்கிட்ட போற அளவுக்கு ஃப்ளூ வர்ற வாய்ப்பு 40-ல இருந்து 60 சதவீதம் குறையும்னு அமெரிக்காவோட நோய் தடுப்பு அமைப்பு சிடிசி சொல்லுது. பொருந்தாத வருஷமும் உண்டு, 2014-15 சீசன்ல அங்க வெறும் 19 சதவீதம்தான். கேக்க கம்மியாதான் இருக்கு. ஆனா ஊசி போட்டும் வந்தவங்களுக்கு ஆஸ்பத்திரி படுக்கை, ஐசியூ வரைக்கும் போற வாய்ப்பு குறையுது, நான் காசு குடுக்கறது அதுக்குத்தான். ஹெல்மெட் போட்டா வண்டி வழுக்காதுன்னு யாரும் சொல்லலியே.

ஊசி போட்டதுனாலதான் காய்ச்சல் வந்துச்சு, அதுல வைரஸ உள்ள விடறாங்களாமே?

ஊசில இருக்கறது செத்த வைரஸோட துண்டு, அது உள்ள போயி பெருகாது, ஃப்ளூ வர வைக்க முடியாது. ஒரு நாள் ரெண்டு நாள் கை வலி, லேசா உடம்பு சூடு, அசதி, இதெல்லாம் வரும், நம்ம உடம்பு வேலை செய்யுதுன்னு அர்த்தம். எனக்கு மொத வருஷம் போட்டப்ப ராத்திரி புரண்டு படுக்க முடியாத அளவு இடது கை வலி, அடுத்த வருஷம் ஒண்ணுமே தெரியல. இன்னொண்ணு, போட்டவுடனே பாதுகாப்பு வந்துடாது, ரெண்டு வாரம் ஆகும். நம்ம ஆளுங்க வீட்ல நாலு பேர் படுத்தப்புறம்தான் கடைக்கு ஓடி வர்றாங்க, அன்னிக்கு போட்டு மறுநாள் காய்ச்சல் வந்தா பழி ஊசி மேல.

அது ஏன் வருஷா வருஷம்? போலியோ சொட்டு மருந்து மாதிரி சின்ன வயசோட முடிச்சுக்க முடியாதா?

போலியோ வைரஸ் அவ்வளவா மாறாது. ஃப்ளூ வைரஸ் கூத்துக்காரன் மாதிரி, வருஷத்துக்கு ஒரு வேஷம். அதனால உலகம் முழுக்க லேப்ல சாம்பிள் எடுத்து, உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு ரெண்டு தடவை கூடிப் பேசி, அடுத்த சீசனுக்கு எந்தெந்த வகைய ஊசில போடணும்னு சொல்லுது. பிப்ரவரில சொல்றது பூமியோட வடபாதிக்கு, செப்டம்பர்ல சொல்றது தென்பாதிக்கு. அதுக்கப்புறம் கம்பெனிங்க கோழி முட்டைல வைரஸ வளர்த்து ஊசி தயார் பண்ண ஆறு மாசம் ஆயிடும். அந்த ஆறு மாசத்துல வைரஸ் இன்னொரு வேஷம் கட்டிடுச்சுன்னா, அதான் மேல சொன்ன 19 சதவீதம். போதாததுக்கு போட்ட ஊசியோட பவரும் மாசம் போகப் போக இறங்கும்.

இதுல கடைக்காரங்களுக்கு ஒரு தலைவலி இருக்கு, சொன்னா நம்ப மாட்டீங்க. சீசன் மாறினா பழைய ஸ்டாக் செல்லாக்காசு. எல்லாத்தையும் ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க. அதனால பாதி கடைல வைக்கிறதே இல்ல, நாங்களும் அஞ்சு ஆறுக்கு மேல வைக்கறதில்ல.

பெட்டில முன்னாடி நாலு வகைன்னு இருந்துச்சு, இப்ப மூணுன்னு இருக்கு, டூப்ளிகேட்டா?

இல்லீங்க. ஃப்ளூ வைரஸ்ல ஏ, பின்னு ரெண்டு குடும்பம், ஊசில ஏ-ல ரெண்டு, பி-ல ரெண்டுன்னு நாலு வகை இருந்துச்சு. அதுல பி யமகாட்டான்னு ஒரு வகை 2020 மார்ச்சுக்கு அப்புறம் உலகத்துல எங்கயும் உறுதியா கண்ணுல படல, கொரோனால எல்லாரும் மாஸ்க் போட்டு கதவ சாத்திக்கிட்டதுல அது அடங்கிப் போச்சுன்னு சொல்றாங்க. 2023 செப்டம்பர்ல அத இனிமே சேர்க்க தேவையில்லன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சு. நாம வீட்டுக்குள்ள இருந்த இருப்புல ஒரு வைரஸே காணாம போச்சு, கேக்க நல்லாத்தான் இருக்கு.

எப்ப போட்டுக்கறது நல்லது?

டிவில "விண்டர் சீசன்"ன்னு சொல்றது அமெரிக்கா, லண்டன் கணக்கு. நம்ம நாட்ல ஃப்ளூ மழையோட வரும், ஜூன்ல இருந்து செப்டம்பர் ஒரு அலை, ஜனவரில இருந்து மார்ச் இன்னொரு அலை. தமிழ்நாட்டுக்கு பெரிய மழையே ஐப்பசி கார்த்திகைலதான், அந்த வடகிழக்கு பருவமழை நேரத்துலயும் ஏறும். 2023 மார்ச் ஞாபகம் இருக்கா, எச்3என்2ன்னு ஒரு ஃப்ளூ வந்து ஊரே இருமிச்சு, மார்ச் 10-ந்தேதி தமிழ்நாடு முழுக்க 1,000 இடத்துல காய்ச்சல் முகாம் போட்டாங்க, புதுச்சேரில எட்டாங்கிளாஸ் வரைக்கும் ஸ்கூலுக்கு 16-ல இருந்து 26 வரை லீவு விட்டாங்க. எங்க கடைல அந்த மாசம் இருமல் சிரப் அடுக்குற தட்டு காலி. அந்த இருமல் மூணு வாரம் நிக்கல சில பேருக்கு.

பெட்டில தென்பாதி சீசன்னா "எஸ்ஹெச்", வடபாதின்னா "என்ஹெச்"ன்னு வருஷத்தோட போட்டிருக்கும். எஸ்ஹெச் சரக்கு ஏப்ரல் மே வாக்குல வரும், என்ஹெச் செப்டம்பர் அக்டோபர்ல. நாங்க வீட்ல போட்டுக்கறது ஆயுத பூஜைக்கு முன்னாடி, மழையும் வரும், அப்புறம் மார்கழில ஸ்ரீரங்கத்துக்கு வைகுண்ட ஏகாதசி கூட்டம் வேற வரும், மாமா அந்தக் கூட்டத்துல போகாம இருக்க மாட்டாரு. உங்க டாக்டர் மே மாசம் போடுங்கன்னா மே மாசமே போடுங்க, எதுவா இருந்தாலும் அப்ப கைல கிடைக்கற புது சீசன் ஊசியா இருக்கணும், அவ்வளவுதான்.

கவர்மென்ட்ல ஃப்ரீயா கிடைக்காதா? விலை எவ்வளவு?

தேசிய தடுப்பூசி அட்டவணைல ஃப்ளூ ஊசி இல்ல. அதனால பிஹெச்சிக்கு போயி எல்லாரும் கேட்டு வாங்கற மாதிரி இல்ல. ஹஜ் போறவங்கள்ல வயசானவங்க, நோய் இருக்கறவங்களுக்கு மூளைக்காய்ச்சல் ஊசி, போலியோ சொட்டு மருந்தோட இதையும் கேம்ப்ல போட்டு அனுப்புவாங்க. மத்தவங்க காசு குடுத்துதான் போடணும். பிராண்டப் பொறுத்து ஆயிரத்தி ஐநூறுல இருந்து ரெண்டாயிரம் வரைக்கும், கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், கிளினிக்ல போடற ஃபீஸ் தனி.

இங்கதான் எனக்கு வருத்தமே. அம்மா, அப்பா, சுகர் இருக்கற வீட்டுக்காரர், ஒரு குழந்தைன்னு நாலு பேருக்கு கணக்கு போட்டா ஏழெட்டாயிரம். தினக்கூலிக்கு போறவங்ககிட்ட இத போடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது. யாருக்கு கண்டிப்பா வேணுமோ அவங்களுக்குத்தான் கைல காசு இல்ல. ஒரு அம்மா, வீட்டு வேலை செய்றவங்க, மூணு மாசம் சேத்து வச்சு அவங்க ஆஸ்துமா பையனுக்கு மட்டும் வாங்கிட்டுப் போனாங்க, ஐம்பது ரூபா நோட்டும் நூறு ரூபா நோட்டுமா. எங்க மார்ஜின அவங்ககிட்ட எடுக்கல, அது பெரிய விஷயம் இல்ல, சொல்ல வந்தது என்னன்னா ஃப்ளூ ஊசி போடாதவங்கள எல்லாம் "விழிப்புணர்வு இல்ல"ன்னு ஈசியா எழுதிடறாங்க. விழிப்புணர்வு நல்லாவே இருக்கு, பர்ஸ்ல பணம் இல்ல.

முட்டைல செய்றதா சொல்றீங்களே, நாங்க சைவம்...

ஸ்ரீரங்கத்துல இருந்து வர்ற மாமிங்க எல்லாரும் குரல தாழ்த்தி கேக்குற கேள்வி. பொய் சொல்ல மாட்டேன், நம்ம பக்கம் கிடைக்கறதுல பெரும்பாலும் முட்டைல வளர்த்ததுதான், சுத்திகரிச்சு எடுத்தப்புறம் முட்டைப் புரதம் துளியிலும் துளி தங்கும். முட்டை இல்லாம செல்லுல வளர்க்கற வகையும் உலகத்துல இருக்கு, எங்க கடைக்கு வந்ததில்ல. ஒரு மாமி ரெண்டு நாள் யோசிச்சுட்டு வந்து "மருந்துன்னு வந்தா தோஷம் இல்லடி, ஆத்துக்காரருக்கு வீசிங் இருக்கு, குடு"ன்னு வாங்கிட்டுப் போனாங்க. இன்னொருத்தங்க வேணாம்னுட்டாங்க. அவங்கவங்க மனசு.

முட்டை அலர்ஜி இருக்கறவங்களும் இப்ப போட்டுக்கலாம்னுதான் சொல்றாங்க, ஆனா எந்த அலர்ஜியா இருந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லிட்டு, போட்டப்புறம் கால் மணி நேரம் அரை மணி நேரம் அங்கயே உக்காந்திருங்க. முன்னாடி ஃப்ளூ ஊசிக்கே மூச்சு முட்டி அலர்ஜி வந்தவங்க போடக் கூடாது.

பாலக்கரைப் பக்கத்துல இருந்து வர்ற பாய் ஒருத்தர் பன்றி ஜெலட்டின் இருக்கான்னு கேட்டாரு, நல்ல கேள்வி. மூக்குல ஸ்ப்ரே அடிக்கிற வகைலதான் ஜெலட்டின் சேர்ப்பாங்க, கைல போடற ஊசில பொதுவா கிடையாது. பெட்டிக்குள்ள மடிச்சு வச்சிருக்கற பேப்பர்ல என்னென்ன இருக்குன்னு போட்டிருக்கும், அவருக்கு எதிர்லயே பிரிச்சு படிச்சுக் காட்டினேன்.

குழந்தைக்கு ஏன் ரெண்டு தடவை?

ஆறு மாசம் முடிஞ்சாத்தான் போடலாம். எட்டு வயசு வரைக்கும் உள்ள குழந்தைக்கு முதல் வருஷம் மட்டும் நாலு வாரம் இடைவெளில ரெண்டு, அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு. ரெண்டாவது ஊசிக்கு பாதி பேர் வர மாட்டாங்க, முதல் ஊசி காசும் வீணாப் போற மாதிரிதான்.

மாசமா இருக்கேன், போடலாமா?

போடலாம், எந்த மாசம்னாலும். வயித்துல குழந்தைய வச்சிருக்கறப்ப ஃப்ளூ வந்தா அம்மாவுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. பொறந்த குழந்தைக்கு ஆறு மாசம் வரைக்கும் போட முடியாதுல்ல, அம்மாகிட்ட இருந்து போற எதிர்ப்பு சக்திதான் அதுக்கு காவல். மாசமா இருக்கறவங்களுக்கு மூக்கு ஸ்ப்ரே வகை மட்டும் கூடாது. மாமியார் வேணாம்னு சொன்னா டாக்டரையே மாமியார்கிட்ட பேச வைங்க, நம்ம பேச்சு எடுபடாது.

நிலவேம்பு குடிச்சா போதாதா?

எங்க கடைலயே நிலவேம்பு குடிநீர் சூரணம் விக்கிறோம், நானே காய்ச்சிக் குடிப்பேன், அதோட கசப்பே ஒரு ஆறுதல். 2012 டெங்கு நேரத்துல இருந்து கவர்மென்டே ஊத்தி குடுக்குது. ஆனா காய்ச்சலப்ப குடிக்கறது வேற, வரப்போற வைரஸுக்கு உடம்ப முன்கூட்டியே பழக்கி வைக்கறது வேற. ரெண்டையும் பண்ணுங்க, ஒண்ணுக்கொண்ணு சண்டை இல்ல. அசித்ரோமைசின் மூணு மாத்திரை குடுங்கன்னு கேக்குறவங்களுக்கும் சேத்து சொல்றேன், அது பாக்டீரியாவுக்கு, ஃப்ளூ வைரஸுக்கு ஒண்ணும் பண்ணாது. ஃப்ளூவுக்குன்னு இருக்கறது ஒசெல்டாமிவிர், அதையும் முதல் 48 மணி நேரத்துக்குள்ள டாக்டர் சொல்லி ஆரம்பிச்சாத்தான் நல்ல பலன்.

நடிகர் விவேக் ஊசி போட்ட மறுநாள்தானே...

இந்தக் கேள்விய கேக்கறவங்க மேல எனக்கு கோவமே வராது. 2021 ஏப்ரல் 15-ந்தேதி ஓமந்தூரார் ஆஸ்பத்திரில எல்லார் முன்னாடியும் கொரோனா ஊசி போட்டுக்கிட்டாரு, மறுநாள் மாரடைப்பு, 17-ந்தேதி விடிகாலை போயிட்டாரு. நல்லது சொல்ல வந்த மனுஷன். அன்னிக்கு காலைல எங்க கடைக்கு வந்தவங்க முகத்த நான் பாத்தேன், ஊசிக்கு நாள் குறிச்சிருந்தவங்க எல்லாம் "அடுத்த வாரம் பாப்போம்"னுட்டாங்க, எங்க அம்மா உட்பட. அப்புறம் மத்திய அரசோட கமிட்டி ஆராய்ஞ்சு அந்த மாரடைப்புக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இல்லன்னு அதே வருஷம் அறிக்கை குடுத்துச்சு. அறிக்கை வந்தது எத்தன பேருக்கு தெரியும்? சாவு செய்தி ஓடின வேகத்துல அது ஓடல.

2017 பிப்ரவரில தட்டம்மை ருபெல்லா ஊசி, 9 மாசத்துல இருந்து 15 வயசு வரைக்கும் எல்லா குழந்தைக்கும் போட ஆரம்பிச்சப்பவும் இதேதான், வாட்ஸ்அப்ல ஒரு ஆடியோ சுத்துச்சு, ஸ்கூல் வாசல்ல அம்மாக்கள் பிள்ளைய இழுத்துட்டு வீட்டுக்கு போனாங்க, கடைசில தேதிய நீட்டிக்க வேண்டியதாச்சு. என் பொண்ணுக்கு அப்ப ஏழு வயசு, சம்மத சீட்டுல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி நானே ஒரு ராத்திரி முழிச்சு யோசிச்சேன். பயம் படிச்சவங்களுக்கும் வரும். கையெழுத்து போட்டேன்.

இருதயம்னு பயப்படறவங்களுக்கு ஒரு தகவல். கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல பண்ண ஒரு ஆய்வு 2018-ல வந்துச்சு, ஃப்ளூன்னு டெஸ்ட்ல உறுதியான முதல் ஒரு வாரத்துல மாரடைப்பு வர்ற வாய்ப்பு மத்த நாள விட ஆறு மடங்கு. அதாவது இருதயக்காரங்க பயப்பட வேண்டியது நோய்க்கு. எங்க மாமாவுக்கு ஐசியூல ரெண்டாவது நாள் ஈசிஜி எடுத்துட்டு டாக்டர் எங்கள தனியா கூப்ட்டு பேசினப்பதான் இது எனக்கு உறைச்சுது.

கை கால் விளங்காம போயிடும்னு படிச்சேனே?

கில்லன் பாரேன்னு ஒரு நரம்பு நோய். 1976-ல அமெரிக்கால பன்றிக் காய்ச்சல் ஊசி நாலரை கோடி பேருக்கு போட்டப்ப லட்சத்துல ஒருத்தருக்கு கூடுதலா வந்துச்சு, உடனே நிறுத்திட்டாங்க. இப்ப உள்ள ஊசில அப்படி வந்தாலும் பத்து லட்சத்துல ஒண்ணு ரெண்டு. ஃப்ளூ நோய் வந்தாலும் அது வரலாம், அந்த வாய்ப்பு ஊசிய விட ஜாஸ்தி. ஏற்கனவே அந்த நோய் வந்தவங்க டாக்டர்கிட்ட கேக்காம போடாதீங்க.

அந்தக் காலத்துல இந்த ஊசியெல்லாம் இருந்துச்சா, நாங்க நல்லா இல்லியா?

இத கேக்குற தாத்தா பாட்டிங்க கைய காட்டச் சொல்வேன். பெரும்பாலும் கைல வட்டமா அம்மை குத்தின (பெரியம்மை தடுப்பூசி) தழும்பு இருக்கும், அவங்களுக்கே சிரிப்பு வந்துடும்.

எங்க அப்பாயி லால்குடி பக்கம். அம்மை குத்துறவரு சைக்கிள்ல வர்றாருன்னு தெரிஞ்சா ஊர்ல பிள்ளைங்கள ஒளிச்சு வைப்பாங்களாம், அப்பாயிய அவங்க அம்மா நெல்லுக் குதிருக்குள்ள இறக்கி மேல சாக்கப் போட்டு மூடிட்டாங்க. மாரியாத்தா விளையாட்டுல மனுஷன் குறுக்க போகக் கூடாதுன்னு நம்பிக்கை. அடுத்த வருஷம் ஊர்ல அம்மை வந்துச்சு, குதிருக்குள்ள இருந்த அப்பாயி தப்பிச்சாங்க, அவங்க அண்ணன் தப்பல. உசுரு பொழச்சாரு, ஒரு கண்ணு போச்சு, மூஞ்சி பூரா குழி. அதுக்கப்புறம் அந்த வீட்டு ஆம்பளயே லால்குடிக்கு நடந்து போயி அம்மை குத்துறவர கூட்டியாந்து, மோர் குடுத்து, தெருவுல எல்லா பிள்ளைக்கும் குத்த வச்சாராம். கோயிலுக்கு கூழ் ஊத்துறதையும் விடல. 1977-ல நம்ம நாட்ல பெரியம்மை ஒழிஞ்சுதுன்னு அறிவிச்சப்ப அந்த ஒத்தக் கண்ணு தாத்தா உயிரோடத்தான் இருந்தாரு.

கடைல வாங்கி வீட்டு ஃபிரிட்ஜ்ல வச்சுக்கலாமா?

முடிஞ்சா வாங்கின உடனே கிளினிக் போயிடுங்க. 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். ஒருத்தர் சனிக்கிழமை வாங்கிட்டு, கெட்டுப் போகக் கூடாதுன்னு நல்ல எண்ணத்துல ஃப்ரீசர்ல மீனுக்கு பக்கத்துல வச்சுட்டாரு, திங்கக்கிழமை டாக்டர் கேட்டப்ப பெருமையா சொல்லவும் செஞ்சாரு. உறைஞ்சு போனா அந்த ஊசி அவ்வளவுதான், தூக்கிப் போட்டாச்சு, கிட்டத்தட்ட ஆயிரத்தி எழுநூறு ரூபா. அன்னில இருந்து பெட்டி மேல சிவப்பு ஸ்கெட்ச்ல "ஐஸ் பெட்டில வைக்காதீங்க"ன்னு எழுதித்தான் குடுக்கறேன். வர்றப்ப ஒரு டிபன் பாக்ஸ் கொண்டாங்க, ஐஸ் பேக்க துணில சுத்தி அதுல வச்சுத் தர்றேன், ஊசி நேரா ஐஸ் மேல படக் கூடாது.

ஊசி போட்டா கருவாடு, கத்திரிக்காய் சாப்பிடலாமா? குளிக்கலாமா?

எல்லாம் சாப்பிடுங்க, குளிங்க. போட்ட இடத்த போட்டு தேய்க்காதீங்க. சுகர் பிரஷர் மாத்திரைய நிறுத்தாதீங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்க நர்ஸ்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சுக்குவாங்க. காய்ச்சல் அடிக்கிறப்ப போகாதீங்க, இறங்கினப்புறம் போங்க. "சாயங்காலம் ஒரு கட்டிங்..."னு தலைய சொறியறவங்களுக்கு, அந்தக் கேள்விய உங்க வீட்டம்மா முன்னாடி கேளுங்க.

உங்க மாமனார் இப்ப எப்படி இருக்காரு?

நல்லா இருக்காரு. மலைக்கோட்டை ஏறறத விட்டுட்டாரு, மத்தபடி பழைய மாதிரிதான், அதே சேரு, அதே பேப்பர். 2023-ல இருந்து வருஷா வருஷம் அந்த ஃபிரிட்ஜ்ல இருந்தே ஒண்ண எடுத்து கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போறேன், போற வழியெல்லாம் "இதுக்கு ரெண்டாயிரமா, தண்டச் செலவு"ன்னு முனகிக்கிட்டே வருவாரு. போன மாசம் சளி பிடிச்சு ரெண்டு நாள் தும்மிக்கிட்டு இருந்தாரு, காய்ச்சல் கூட இல்ல. எனக்குத் தெரியாம அந்த பக்கத்து தெரு கிளினிக்குக்கு போயி ஒரு ஊசி போடுங்கன்னு கேட்டிருக்காரு. தேவையில்ல பெரியவரே, ஆவி பிடிங்கன்னு டாக்டர் அனுப்பிட்டாராம். கடைக்கு வந்து சேர்ல உக்காந்து பேப்பர விரிச்சவரு, சாயங்காலம் வரைக்கும் என்கிட்ட பேசல.